பாலத்தின் மேல் இரு முதியவர்கள்

கலிங்கப் போரைப் பற்றி நாம் அனைவரும் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் நாட்டைவிட்டுக் கொண்டு செல்லப்பட்டனர், அதனினும் பல மடங்கு மக்கள் வேறு துன்பங்களால் மாண்டனர் என்று அசோக மன்னனே தன் பதின்மூன்றாம் பாறைச் சாசனத்தில் கணக்குச் சொல்லி, அதற்காக மனம் வருந்துகிறான். வென்ற அரசன் ஒருவன் தன் வெற்றியை எண்ணி வருந்தியதாகக் கூறும் இத்தகைய சாசனம் உலக சரித்திரத்தில் அரிது. அது குஜராத்தில் கிர்நார் மலையடியில் இருக்கிறது. இமயத்தின் அடிவாரத்தில் கால்சியில் இருக்கிறது. ஆந்திரத்தில் எர்ரகுடியில் இருக்கிறது. ஆனால் கலிங்க நாட்டிலே இல்லை! புவனேசுவரத்தை அடுத்த தௌலியிலும், கஞ்சம் மாவட்டத்து ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில் அதற்குப் பதிலாக வேறு சாசனங்களே வெட்டப்பட்டுள்ளன. எல்லா மக்களும் தன் பிள்ளைகளே என்று அவற்றில் அரசன் அன்போடு பேசுகிறான். நீதி தவறாமல் நடக்கும்படி அதிகாரிகளை எச்சரிக்கிறான். ஆயினும் தங்களுக்கு நேர்ந்த கேட்டுக்காக அரசன் வருந்தினான் என்ற செய்தியை, அந்தக் கேட்டுக்கு ஆளான கலிங்கத்தார் தம் மண்ணின் பாறைகளில் படிக்க முடியவில்லை.

இதற்குக் காரணம் என்ன என்று அறிஞர்கள் ஊகிக்கத்தான் முடிகிறது. ஆறாத புண்ணைக் கிளற வேண்டாம் என்று அரசன் எண்ணியிருக்கலாம். வென்றவன் தோற்றவரிடம் வருத்தம் தெரிவிப்பது ஆட்சிக்கு உகந்ததன்று என்று கருதியிருக்கலாம். எதுவாயினும், நம் முன் ஒரு கேள்வி நிற்கிறது. தீங்கு செய்தவன் தன் மனத்துக்குள் வருந்தினால் போதுமா? அந்த வருத்தம் தீங்குக்கு ஆளானவனுடைய காதுக்கு எட்ட வேண்டாமா? எட்டினால் அவன் என்ன செய்வான்?

நம் காலத்தை ஒட்டிய ஒரு நிகழ்ச்சி இக்கேள்விக்கு விடை தருகிறது. இரண்டாம் உலகப் போரில், சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த ரயில் பாதையில் கைதியாகத் துன்புற்ற ஒரு பிரிட்டிஷ் அதிகாரியும், அவரை விசாரித்தபோது மொழிபெயர்த்த ஒரு ஜப்பானியரும், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவரையொருவர் சந்தித்த வரலாறு அது. இதைத் தமிழ் நேயர்களுக்குச் சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அந்தப் பாதையில் பல்லாயிரம் தமிழர் மாண்டனர் என்பது ஒன்று. மற்றொன்று என் சொந்தக் காரணம். நான் மத்திய சர்க்கார் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஆகவே, அந்த மொழிபெயர்ப்பாளரின் கதையைப் படித்த நாள் முதல் அது என்னை விட்டு அகலவில்லை.

முதலில் பாதையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. சில மாதங்களில் பர்மாவும் அவர்கள் வசமாயிற்று. பர்மாவில் இருந்த சேனைக்கு ஆயுதமும் உணவும் மலாக்கா ஜலசந்தி வழியாகக் கப்பலில் செல்ல வேண்டும். நேச நாடுகளின் நீர்மூழ்கிகளால் அந்த வழி ஆபத்தாயிற்று. ஆகவே தரை வழியாகவே ஒரு ரயில் பாதை போடுவதென்று ஜப்பானியர் தீர்மானித்தனர். சயாமின் நோங் பிளாதுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை ஏறத்தாழ 415 கிலோமீட்டர் தூரம். இடையே இருந்தவையோ மலையும், அடர்ந்த காடும், மழைக்காலத்தில் கரைபுரளும் ஆறுகளும். இதே வழியை முன்பு பிரிட்டிஷ் பொறியாளர்கள் ஆராய்ந்து பார்த்து, இது ஆகாத காரியம் என்று கைவிட்டிருந்தார்கள். அந்த வேலையை 1942-இன் நடுப்பகுதியில் தொடங்கி, 1943 அக்டோபர் 17-ஆம் நாள் இரு முனைகளையும் இணைத்து முடித்தார்கள். இம்பாலையும் கோஹிமாவையும் நோக்கி 1944-இல் நடந்த படையெடுப்புக்கு இப்பாதையும் துணை நின்றது.

இவ்வளவு விரைவாக வேலை எப்படி முடிந்தது? மனித உயிரைக் கணக்கில் வைக்காததால் முடிந்தது. பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாலந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளைச் சேர்ந்த 60,000-க்கும் மேற்பட்ட யுத்தக் கைதிகள் அங்கே வேலை வாங்கப்பட்டனர். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் பசியாலும், காலராவாலும், மலேரியாவாலும், அடியாலும் இறந்தனர். அவர்களைவிடப் பன்மடங்கு அதிகமாக ஆசியக் கூலிகள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

கைதிகளுள் ஒருவர் எரிக் லோமாக்ஸ். 1919-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர். சிறு வயது முதலே அவருக்கு ரயில் என்றால் உயிர். எஞ்சின்களைப் பார்ப்பதற்காகவே நெடுந்தூரம் போய் நிற்பாராம். செய்திப் போக்குவரத்துப் படைப்பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்து சிங்கப்பூரில் கைதியான அவரை, விதி ஒரு ரயில் பாதையிலேயே கொண்டுபோய்ச் சேர்த்தது. காஞ்சனபுரியில் இருந்த முகாமில் அவரும் அவருடைய தோழர்களும் இரகசியமாக ஒரு வானொலிப் பெட்டியை அமைத்தார்கள். அவர்கள் யாருக்கும் அதில் செய்தி அனுப்பவில்லை. போர் எப்படிப் போகிறது என்று உலகச் செய்திகளைக் கேட்டார்கள், அவ்வளவுதான். வானொலி கேட்கும் பழக்கமுள்ள நேயர்களுக்கு அந்த ஆவல் புரியும். வெளியுலகின் ஒரு குரல் காதில் விழுந்தால், இன்னும் ஒரு நாள் உயிர் வாழலாம் என்று தோன்றும்.

1943 ஆகஸ்டில் அந்தப் பெட்டி கண்டுபிடிக்கப்பட்டது. சம்பந்தப்பட்ட அதிகாரிகளை இரவில் வரிசையாக நிறுத்தி, மரத்தடிகளால் அடித்தார்கள். இருவர் அந்த அடியிலேயே மாண்டனர். லோமாக்ஸின் இரு கைகளும் முறிந்தன. போதாக்குறைக்கு, அவர் தம் கையால் வரைந்து வைத்திருந்த ரயில் பாதைப் படம் ஒன்றும் அகப்பட்டது. அது ரயிலின் மேலிருந்த ஆசையால் வரைந்தது என்று அவர் சொன்னார். ஜப்பானிய ராணுவப் போலீசார் நம்புவார்களா? ஒற்றன் என்று முடிவு கட்டி, நாள் கணக்கில் விசாரித்தார்கள். முறிந்த கைகளோடு அவரைப் பலகையில் கட்டிக் கிடத்தி, மூக்கிலும் வாயிலும் குழாய் நீரைப் பாய்ச்சினார்கள்.

விசாரித்த அதிகாரி ஜப்பானிய மொழியில் கத்தினார். அது லோமாக்ஸுக்கு விளங்கவில்லை. அருகில் உட்கார்ந்திருந்த, மெலிந்த தேகமுடைய இளைஞர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நீ கொல்லப்படுவது உறுதி, உண்மையைச் சொல்லிவிடு என்று ஓயாமல் சொன்னதும் அவர்தான். அடித்த கைகளை லோமாக்ஸ் பிற்காலத்தில் ஓரளவு மறந்தார். ஆனால் அந்தக் குரலை மறக்கவில்லை. அந்த அறையில் அவருக்கு விளங்கிய ஒரே குரல் அதுதான்! தமக்கு நேர்ந்த கொடுமை முழுவதற்கும் அந்த இளைஞரின் முகமே வடிவமாக அவர் நெஞ்சில் பதிந்துவிட்டது.

ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, சிங்கப்பூரின் அவுட்ரம் ரோடு சிறையில் எலும்பும் தோலுமாகக் கிடந்து, 1945-இல் போர் முடிந்ததும் லோமாக்ஸ் ஊர் திரும்பினார். உத்தியோகம் பார்த்தார், கல்லூரியில் கற்பித்தார், ஓய்வும் பெற்றார். ஆனால் காஞ்சனபுரி அவரை விடவில்லை. தூக்கத்தில் அலறுவார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் வாயை மூடிக்கொள்வார். முதல் மணவாழ்க்கை முறிந்தது. அந்த மொழிபெயர்ப்பாளன் என்றாவது ஒரு நாள் கையில் அகப்பட்டால் அவன் உயிரை வாங்க வேண்டும் என்ற எண்ணத்தை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் நெஞ்சில் வளர்த்து வந்தார்.

இனி மற்றவரிடம் வருவோம். நாகசே தக்காஷி என்பது அவர் பெயர். 1918-இல் ஜப்பானின் குராஷிகி நகரில் பிறந்தவர். தோக்கியோவில் கல்லூரியில் ஆங்கிலம் கற்றவர். அந்தப் படிப்பினால்தான் ராணுவம் அவரை மொழிபெயர்ப்பாளராக ஆக்கியது. விசாரணை அறையில் அவர் கை நீட்டி ஒருவரையும் அடிக்கவில்லை. மேலதிகாரி சொன்னதை இன்னொரு மொழியில் சொன்னார். போர் முடிந்ததும், 1945 செப்டம்பரில், இறந்த கைதிகளின் புதைகுழிகளைத் தேடிக் குறிப்பெடுக்க நேச நாட்டார் ஒரு குழுவை ரயில் பாதை நெடுகிலும் அனுப்பினார்கள். அதற்கும் ஆங்கிலம் தெரிந்த ஜப்பானியர் ஒருவர் வேண்டியிருந்தது. நாகசே உடன் சென்றார். காட்டுக்குள் வரிசை வரிசையாக நின்ற மரச் சிலுவைகளைக் கண்டார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழிகளை அந்தக் குழு பதிவு செய்தது. தாம் சேவித்த ராணுவம் செய்த காரியத்தின் முழு அளவும் அந்தச் சில வாரங்களில்தான் அவர் கண்ணில் பட்டது.

ஊர் திரும்பிய நாகசே ஆங்கில ஆசிரியரானார். ஆனால் அவரும் நிம்மதியாக உறங்கவில்லை. பலகையில் கட்டப்பட்டு, தாயை அழைத்துக் கதறிய ஓர் இளம் கைதியின் தோற்றம் அவர் கண்முன் வந்துகொண்டே இருந்தது. ஜப்பானியர் வெளிநாடு செல்லத் தடைகள் தளர்ந்த காலத்தில், 1960-களின் முற்பகுதியில், மனைவியுடன் காஞ்சனபுரிக்குச் சென்று கைதிகளின் கல்லறைகள் முன் வணங்கினார். அன்று தொடங்கிய யாத்திரை அவர் உடல் தளரும்வரை ஓயவில்லை. தம் ஆயுளில் நூற்று முப்பது தடவைக்கு மேல் அவர் தாய்லாந்துக்குச் சென்றார். 1976-இல் முன்னாள் கைதிகள் சிலரையும் முன்னாள் ஜப்பானியப் போர்வீரர் சிலரையும் க்வாய் நதிப் பாலத்தருகே ஒன்றுகூட்டினார். 1986-இல் பாலத்துக்கு அருகில் ஒரு சாந்தி ஆலயம் கட்டினார். ஏழை மாணவர் படிப்புக்காக ஒரு நிதியும் ஏற்படுத்தினார். போர் முடிந்து, தோற்றுப்போய் நாடு திரும்பிய ஜப்பானிய வீரர்களுக்குத் தாய்லாந்து அரசு அரிசி கொடுத்து வழியனுப்பியதாம். அந்த நன்றிக்கடனையும் சேர்த்துத் தீர்ப்பதாக அவர் சொல்லி வந்தார். ஜப்பானில் எல்லோரும் இதை மெச்சவில்லை. பழங்கதையை ஏன் கிளறுகிறாய் என்று கேட்டவர்களும் உண்டு. அவர் பொருட்படுத்தவில்லை.

இவ்வளவும் செய்தவரிடம் ஒரு குறை இருந்தது. அதைச் சுட்டிக்காட்டியவர் ஒரு பெண்மணி.

1989-இல், ஜப்பானில் வெளியாகும் ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் நாகசேயைப் பற்றி வந்த கட்டுரை, பழைய நண்பர் ஒருவர் மூலமாக லோமாக்ஸின் கைக்குக் கிடைத்தது. படத்தில் இருந்த முகத்தை அவர் கண்டுகொண்டார். கட்டுரையில் நாகசே விவரித்திருந்த கைதி தாமே என்பதையும் அறிந்துகொண்டார். பகைவன் உயிரோடு இருக்கிறான், அவன் பெயர் தெரிந்துவிட்டது, ஊரும் தெரிந்துவிட்டது. ஆயினும் இரண்டு ஆண்டுகள் அவர் ஒன்றும் செய்யவில்லை. நாகசே எழுதிய சிறு நூல் ஒன்றின் ஆங்கில மொழிபெயர்ப்பும் பின்னர் அவரிடம் வந்தது. கல்லறைகள் முன் நின்று வணங்கியபோது தாம் மன்னிக்கப்பட்டுவிட்டதாக உணர்ந்தேன் என்று அதில் நாகசே எழுதியிருந்தார்.

லோமாக்ஸின் இரண்டாம் மனைவி பாட்டி இதைப் படித்தார். கணவரின் அலறல்களை இரவு இரவாகக் கேட்டவர் அவர். 1991-இல் அவரே நாகசேக்குக் கடிதம் எழுதினார். நீங்கள் குறிப்பிட்ட அந்தக் கைதி என் கணவர். அவர் உயிரோடு இருக்கிறார். அவர் இன்னும் உங்களை மன்னிக்கவில்லையே, அப்படியிருக்க மன்னிக்கப்பட்டதாக நீங்கள் எப்படி உணர முடியும் என்பதே அக்கடிதத்தின் சாரம்.

நேயர்களே! இந்த வரலாறு முழுவதிலும் இந்தக் கேள்விதான் முக்கியமானது என்று நான் கருதுகிறேன். கோயில் கட்டலாம், தானம் செய்யலாம், நூறு தடவை யாத்திரை போகலாம். எல்லாம் நல்லவையே. ஆனால் மன்னிப்பு என்பது குற்றம் செய்தவன் தானே எடுத்துக்கொள்ளும் பொருளன்று; துன்பம் பட்டவன் மனமுவந்து கொடுத்தால் பெற வேண்டிய பொருள். தெய்வத்திடம் கேட்பதால் மட்டும் மனிதனிடம் பட்ட கடன் தீர்ந்துவிடாது. அசோகனுடைய சாசனம் கிர்நாரில் இருந்து தௌலியில் இல்லாமற் போனதன் குறையும் இதுதான்.

நாகசேயின் பதில் வந்தது. அவர் வாதாடவில்லை. நான் மொழிபெயர்ப்பாளன்தானே, எனக்கு என்ன பொறுப்பு என்று கேட்கவில்லை. அந்தக் கடிதம் நெஞ்சில் தைத்ததாகவும், இத்தனை ஆண்டுகளும் அந்தக் கைதி பிழைத்தாரா என்று எண்ணி ஏங்கியதாகவும், நேரில் காண விரும்புவதாகவும் எழுதினார். அப்பதிலைப் படித்தபோதுதான், நெடுங்காலமாக நெஞ்சில் கட்டியாக உறைந்திருந்த வெறுப்பு முதன்முதலாக இளகத் தொடங்கியது என்பதை லோமாக்ஸ் பின்னர் ஒப்புக்கொண்டார். அது ஒரே நாளில் நடந்ததன்று. வதைக்கு ஆளானவர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் லண்டன் நிறுவனம் ஒன்றில் அவர் சிலகாலமாகவே தம் மனத்தைத் திறந்து பேசப் பழகி வந்தார். வாய்விட்டுச் சொல்லத் தெரிந்த பிறகே மன்னிக்கவும் அவரால் முடிந்தது.

1993 மார்ச்சு மாதம், காஞ்சனபுரியில், பாலத்தருகே இருவரும் சந்தித்தனர். லோமாக்ஸுக்கு எழுபத்து மூன்று வயது, நாகசேக்கு எழுபத்தைந்து. நாகசே நடுங்கியபடியே வந்து, குனிந்து வணங்கி, கண்ணீர் விட்டு அழுதார், மன்னிப்புக் கேட்டார். உயரமான லோமாக்ஸ் அந்தச் சிறிய உருவத்தைப் பார்த்து, காலை வணக்கம் கூறி, நலமா என்று கேட்டார். கேட்டது எந்த மொழியில் தெரியுமா? ஜப்பானிய மொழியில். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஒருவர் தம் பகைவரின் மொழியைத் துன்புறுத்தும் கருவியாகக் கையாண்டார். இப்போது மற்றவர் தம் பகைவரின் மொழியைக் குசலம் விசாரிக்க எடுத்துக்கொண்டார்.

இருவரும் பாலத்தின் மேல் மெல்ல நடந்தார்கள். பழைய நாட்களைப் பற்றிப் பேசினார்கள். அந்த விசாரணை அறையை ஞாபகத்தில் வைத்திருந்த வேறு ஒருவரும் இவ்வுலகில் அவர்களுக்கு இல்லை அல்லவா? பின்னர் லோமாக்ஸ் தம்பதிகள் ஜப்பானுக்கும் சென்று நாகசேயின் விருந்தினராக இருந்தனர். தோக்கியோவில், இருவரும் தனித்திருந்த ஒரு வேளையில், லோமாக்ஸ் தாம் எழுதிய கடிதம் ஒன்றைப் படித்து அவரிடம் கொடுத்தார். 1943-இல் நடந்ததை மறக்க இயலாது. ஆயினும் முழு மனத்தோடு உங்களை மன்னிக்கிறேன் என்பது அதன் கருத்து. மறதி வேறு, மன்னிப்பு வேறு என்று அவர் தெளிவாகவே கண்டிருந்தார். நடந்ததை நடக்கவில்லை என்று சொல்லி அவர் மன்னிக்கவில்லை. நடந்தது என்று இருவரும் ஒப்புக்கொண்ட பிறகே மன்னித்தார். அதன்பின் இருவரும் நண்பர்களாகவே இருந்தனர். நாகசே 2011-இலும் லோமாக்ஸ் 2012-இலும் காலமானார்கள். லோமாக்ஸ் 1995-இல் எழுதி வெளியிட்ட தன்வரலாறு 2013-இல் திரைப்படமாகவும் வந்தது.

எல்லாக் கைதிகளும் இவ்வாறு மன்னித்தார்கள் என்று எண்ண வேண்டாம். மன்னிக்க மறுத்தே கண்மூடியவர் பலர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமை இல்லை. கொடுப்பவனுடைய விருப்பத்தைப் பொறுத்தது என்பதால்தானே கொடைக்குப் பெருமை?

என் தொழிலைப் பற்றி ஒரு சொல். தூதனைக் கொல்லலாகாது என்று இலங்கையில் அனுமனுக்காக விபீஷணன் எடுத்துரைத்த நியாயம் நமக்குத் தெரியும். பிறர் சொல்லைச் சுமப்பவனுக்குப் பழி இல்லை என்பது அதன் பொருள். அலுவலகத்தில் என் போன்றவர்களும் அந்த நிழலில்தான் இருக்கிறோம். ஆணை எழுதியவர் வேறு. அதைத் தமிழாக்கியவன் நான். கருத்துக்கு நான் பொறுப்பல்ல என்று சொல்லிக் கொள்கிறோம். சாதாரண நாட்களில் அது சரியே. ஆனால் நாகசே அந்த நிழலில் ஒதுங்க மறுத்தார். சொல்லைச் சுமந்தவனும் அந்தச் சொல் விழுந்த இடத்துக்கு ஒருநாள் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர் கருதினார். சட்டம் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. அவரே தம்மைச் சொல்லிக்கொண்டார். அதனால்தான் மன்னிப்பும் அவருக்குக் கிடைத்தது.

இனி, நான் முன்பு ஒத்திவைத்த செய்திக்கு வருகிறேன். அப்பாதையில் உழைத்த ஆசியக் கூலிகள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். இறந்தவர் தொகையைப் பலர் பலவாறு மதிப்பிடுகின்றனர். தொண்ணூறாயிரம் என்பது அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. பர்மியர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், சீனர் ஆகியோருடன் மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். போரினால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமற் போன காலம் அது. நல்ல கூலி தருவதாகச் சொல்லிச் சிலரை அழைத்தார்கள். ஆள் போதாதபோது பலவந்தமாகப் பிடித்து ரயிலில் ஏற்றினார்கள். யுத்தக் கைதிகளுக்கு அவர்களுள்ளேயே வைத்தியர்கள் இருந்தனர், அதிகாரிகள் இருந்தனர், நீரைக் காய்ச்சிக் குடிக்கச் செய்யும் கட்டுப்பாடு இருந்தது, இறந்தவன் பெயரை இரகசியமாகவாவது எழுதி வைக்கும் ஆள் இருந்தான். நம் கூலிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. 1943-இன் மழைக்காலத்தில் காலரா வந்தபோது, தோட்டத் தொழிலாளர் தங்கியிருந்த கொட்டகைகள் கூண்டோடு காலியாயின.

காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 கைதிகள் நினைவுகூரப்படுகிறார்கள். பசும்புல் நடுவே, வரிசை பிசகாமல், பெரும்பாலானவற்றில் பெயரும் வயதும் படையும் பொறித்த கற்கள். 1945-இல் நாகசே உடன் சென்ற குழு தேடியதும் கைதிகளின் குழிகளைத்தான். கூலிகளின் குழிகளைத் தேடி அப்படி ஒரு குழு செல்லவில்லை. 1957-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற, இலங்கையில் படமாக்கப்பட்ட, க்வாய் நதிப் பாலத் திரைப்படமும் கைதிகளின் கதையைத்தான் சொன்னது.

அரசுகள் செய்த ஏற்பாடுகளும் இருந்தன. இந்தியா 1952 ஜூன் 9-ஆம் நாள் ஜப்பானுடன் தனியாகச் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டு, நஷ்ட ஈடு கோரும் உரிமையைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தது. மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் 1967-இல் ஏற்பட்ட உடன்படிக்கையில் இரண்டரைக் கோடி மலேசிய டாலர் மதிப்புள்ள பொருளும் பணியும் தர ஜப்பான் இசைந்தது. போர் முடிந்த ஐம்பதாம் ஆண்டில், 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள், ஜப்பானியப் பிரதமர் முராயாமா ஆசிய மக்களுக்கு இழைக்கப்பட்ட துன்பத்துக்காகத் தம் நாட்டின் வருத்தத்தையும் மன்னிப்பையும் வெளிப்படையாகத் தெரிவித்தார். இவை யாவும் வேண்டியவையே. நாடுகள் நட்போடு வாழ இவை இல்லாமல் முடியாது. ஆனால் அரசுகள் கையொப்பம் இடுகின்றன; கண்ணீர் விடுவது மனிதர்தான். பேராக்கிலோ சிலாங்கூரிலோ ஒரு தோட்டத்தில் திரும்பி வராத தகப்பனுக்காகக் காத்திருந்த பிள்ளையின் முன் நின்று தலைகுனிந்தவர் யார்?

நாகசேக்கு லோமாக்ஸ் கிடைத்தார். பெயர் இருந்தது, முகவரி இருந்தது, எழுத ஒரு மொழி இருந்தது. நம் கூலியிடம் மன்னிப்புக் கேட்க விரும்பும் ஒரு நல்ல மனிதர் இருந்தாலும், அவர் எந்த ஊருக்குக் கடிதம் எழுதுவார்? எழுதிய கடிதத்தை யார் படித்துக் காட்டுவார்? பெயரைப் பதிந்து வைக்காதது சாவுக்குப் பின்னும் தொடர்ந்த ஓர் அநீதி. சமாதானத்தின் வாயிலையே அது அடைத்துவிடுகிறது.

இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய அவசியமும் உண்டு. டில்லியிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பிழைப்புக்காக வந்து குடியேறிய நாம், ஊரைவிட்டு வந்தவனுக்கு மொழி தெரிந்த ஒருவன் துணை எவ்வளவு பெரிது என்பதை அறிவோம். ஆஸ்பத்திரியிலோ, ரேஷன் கடையிலோ, போலீஸ் நிலையத்திலோ நம் பெயரை ஒருவர் சரியாக எழுதிக்கொண்டாலே பாதி கவலை தீர்ந்துவிடுகிறது. அயல் மண்ணில், தன் பேச்சு ஒருவருக்கும் விளங்காத காட்டில், பெயர் எழுதப்படாமலே மாண்டவனின் தனிமையை நாம் ஓரளவேனும் உணர முடியும்.

அந்த நினைவு முற்றிலும் அழிந்துவிடவில்லை. மலேசியத் தமிழர் குடும்பங்களில் 'சயாம் மரண ரயில்' என்ற பெயர் வாய்வழியாகவே நின்றது. அந்தப் பெயரிலேயே மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் ஒரு நாவல் எழுதினார். 2023-ஆம் ஆண்டில், தாய்லாந்து வாழ் தமிழரின் முயற்சியால், காஞ்சனபுரியில் உள்ள ஒரு புத்த ஆலய வளாகத்தில், மாண்ட தமிழர்களின் நினைவாக நடுகல் ஒன்று நாட்டப்பட்டது. போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நட்டு, அதில் அவன் பெயரையும் பெருமையையும் எழுதுவது தமிழரின் தொன்மையான வழக்கம். எண்பது ஆண்டு கழித்து நட்ட இக்கல்லுக்கு உரியவர்களில் பெரும்பாலோரின் பெயரை நாம் அறியோம். ஆயினும் கல் நிற்கிறது. வணங்க வருகிறவன் எந்த நாட்டவனாக இருந்தாலும், தலைகுனிய அவனுக்கு ஓர் இடம் ஏற்பட்டிருக்கிறது.

பகைவர் நண்பராவது கதைகளில் எளிது. வாழ்க்கையில் அதற்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. ஒரு மனைவியின் துணிவான கடிதம் வேண்டியிருந்தது. ஒரு முதியவர் தம் மானத்தை விட்டு அழ வேண்டியிருந்தது. இன்னொரு முதியவர் தம் வெறுப்பைக் கைவிட வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இருவரும் உயிரோடு இருக்க வேண்டியிருந்தது. காலம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. யாரிடமாவது நாம் சொல்ல வேண்டிய ஒரு வருத்தம் மிஞ்சியிருந்தால், கேட்க வேண்டியவர் இருக்கும்போதே, அவர் இருக்கும் இடத்துக்கே சென்று, அவருக்கு விளங்கும் மொழியிலேயே சொல்லிவிடுவது நன்று.